தாய்ப்பால் பிள்ளைக்குச் சிப்பி கப்: பழக்கியவர்கள் சொல்லுங்கள்

கேள்வி: மலேசியாவின் பீடோரிலிருந்து ஒரு வாசகி, 18 மார்ச் 2024

மகளுக்கு ஆறு மாதம் முடிந்துவிட்டது. இதுவரை தாய்ப்பால் மட்டும்தான். பாட்டிலைக் கண்டால் வாயை இறுக்கி மூடிக்கொள்கிறாள். சம்பளமில்லாமல் நீட்டித்த விடுப்பும் அடுத்த மாதம் முடிகிறது. பாட்டிலை மறந்துவிட்டு நேரே சிப்பி கப்புக்கு (மூடியில் உறிஞ்சும் மூக்கு வைத்த கோப்பை) போகலாமா? எந்த மாதிரி வாங்குவது?

18 மார்ச் 2024, இரவு 10.40

போகலாம். பாட்டிலைத் தாண்டித்தான் கோப்பைக்குப் போக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. ஆறு மாதத்தில் கோப்பையைக் காட்டத் தொடங்கலாம் என்றுதான் மருத்துவர்களும் சொல்கிறார்கள். கவிழ்த்தாலும் சிந்தாத வகை, இரண்டு பக்கமும் பிடி, மிருதுவான மூக்கு, இவற்றைப் பார்த்து வாங்குங்கள். என் மூத்தவன் அப்படி ஒன்றோடுதான் மூன்று வயது வரை திரிந்தான். ஒரு குறையும் இல்லை.

சின்னவளுக்கு நாளை மறுநாள் ஆறு மாதம். எனக்குக் கிடைத்தது 98 நாள் பிரசவ விடுப்பு (2023 ஜனவரிக்கு முன் பெற்றிருந்தால் 60 நாள்தான்). டிசம்பர் கடைசியில் செம்பனை ஆலை அலுவலகத்துக்குத் திரும்பிவிட்டேன். பீய்ச்சி வைக்கும் பாலை முதலில் பாட்டிலில் அரைமனதாகக் குடித்தாள், பிப்ரவரியிலிருந்து அதையும் தட்டிவிடுகிறாள். அத்தை எப்படியோ சமாளிக்கிறார். ஈப்போவில் 45 வெள்ளிக்கு (ரிங்கிட்) ஒரு சிப்பி கப் வாங்கி வைத்திருக்கிறேன். ஒரு வாரத்தில் பழகிவிடும்.

19 மார்ச் 2024

தண்ணீர் எவ்வளவு என்று கேட்டவருக்கு: ஆறு மாதத்துக்குப் பிறகு, சோறோ கஞ்சியோ ஊட்டும்போது சில மிடறு போதும். நாள் முழுவதற்கும் சேர்த்து 120 முதல் 240 மில்லிக்குள் நிறுத்திக்கொள்ளுங்கள். வயிறு தண்ணீரால் நிறைந்தால் பால் குறையும்.

ஆறு மாதத்துக்கு முன் ஒரு சொட்டும் தேவையில்லை. "இந்த வெயிலில் பிள்ளைக்கு நாக்கு வறளாதா?" என்று எங்கள் வீட்டிலும் கேட்டார்கள். தாய்ப்பாலில் ஏறக்குறைய 87 விழுக்காடு தண்ணீர்தான். வெயில் காலத்தில் பிள்ளை கூடுதலாகக் குடித்துக்கொள்ளும், நாம்தான் கூடுதலாகத் தண்ணீர் குடிக்க வேண்டும்.

23 மார்ச் 2024

கப்பை நீட்டினேன். வாங்கினாள். மூக்கைக் கடித்தாள், தலைகீழாகப் பிடித்து அடியைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள், எறிந்தாள். சிந்தவில்லை. விளம்பரத்தில் சொன்னது உண்மைதான்.

24 மார்ச் 2024

இரண்டாம் நாள். கப் தரையில். நானும் தரையில்.

28 மார்ச் 2024

முதல் நாள் எழுதியதைத் திருத்துகிறேன். நேற்றிரவு பிள்ளைகள் தூங்கியபின் அந்தக் கப்பில் நானே குடித்துப் பார்த்தேன். கன்னம் ஒட்டிப்போகும் அளவுக்கு இழுத்தால்தான் ஒரு வாய் வருகிறது. முப்பத்து நான்கு வயதுக்காரிக்கே இந்தப் பாடு.

மூடியைக் கழற்றினால் அடியில் கீறல் போட்ட ஒரு சிலிகான் வட்டம். இழுக்கும்போது மட்டும் கீறல் திறக்கும், விட்டால் மூடிக்கொள்ளும். சிந்தாத கப்பின் வித்தை முழுவதும் அதில்தான் இருக்கிறது. அமெரிக்காவில் ரிச்சர்ட் பெலாங்கர் என்ற இயந்திரப் பொறியாளர் தம் மகன் வீடெல்லாம் கொட்டிக்கொண்டு திரிந்ததைப் பொறுக்காமல் 1980களில் செய்தது. அப்பாவுக்குத் தரை துடைக்க முடியவில்லை, அதனால் பிள்ளை உறிஞ்ச வேண்டியதாயிற்று. நான் சொல்வது கொஞ்சம் அநியாயம்தான், நானும் தரை துடைக்கிறவள், அவர் கஷ்டம் புரிகிறது.

தாய்ப்பால் குடிக்கும் பிள்ளைக்கு இது ஏன் புரியவில்லை என்றால், மார்பில் அவள் வேலை வேறு. நாக்கை அலைபோல் அசைப்பாள், சற்று நேரத்தில் பால் சுரந்து தானாகவே பாயும். இங்கே எவ்வளவு அசைத்தாலும் ஒன்றும் வராது. அவளைப் பொறுத்தவரை அது கடிப்பதற்கு ஒரு பொம்மை. ஆகவே அந்த வட்டத்தைக் கழற்றிவிடுங்கள். கப்பில் இரண்டு தேக்கரண்டி மட்டும் ஊற்றுங்கள். நான் பாதி ஊற்றிக் கொடுத்து அவளுக்குப் புரையேறி, அத்தை தலையில் தட்டி, வீடே கலவரமாகிவிட்டது.

2 ஏப்ரல் 2024

வெற்றி!

நேற்றும் இன்றும் நான் வேலைக்குப் போயிருந்தபோது 90 மில்லி பாலைச் சிப்பி கப்பில் முழுவதும் குடித்துவிட்டாள் என்று அத்தை சொன்னார். இரண்டு வேளை. வந்து பார்த்தேன், கப் காலி, கழுவிக் கவிழ்த்திருக்கிறது. எனக்குத் தெரிந்த பாடத்தை எழுதுகிறேன்: அம்மா கொடுக்கக் கூடாது. அம்மாவின் வாசனை பக்கத்தில் இருக்கும்போது எந்தப் பிள்ளை பிளாஸ்டிக்கை வாயில் வைக்கும்? பாட்டியோ அப்பாவோ கொடுக்கட்டும், நீங்கள் வாசலைத் தாண்டிப் போய்விடுங்கள். முதலில் தண்ணீருக்குப் பதில் உங்கள் பாலையே ஊற்றுங்கள், பழகிய ருசி.

பீடோர் சகோதரிக்கு அதே கப்பின் படத்தைப் புலனத்தில் (வாட்ஸ்அப்) அனுப்பியிருக்கிறேன். இன்னும் நான்கு பேர் கேட்டார்கள். அவர்களுக்கும்.

5 ஏப்ரல் 2024

பீய்ச்சிய பால் எத்தனை நேரம் தாங்கும் என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். வெளியில் 4 மணி நேரம், ஐஸ்பெட்டியில் 4 நாள், உறைய வைத்தால் 6 மாதம் வரை. கப்பில் மீந்ததைத் திரும்ப எடுத்து வைக்காதீர்கள், வாய் பட்ட பால் இரண்டு மணி நேரத்துக்குள் முடிய வேண்டும்.

உறைந்த பாலில் சவர்க்கார வாடை அடிக்கிறது என்று ஒரு தங்கை கவலைப்பட்டிருந்தார். கெட்டுப்போகவில்லை. பாலிலேயே இருக்கும் லிப்பேஸ் என்ற நொதி கொழுப்பை உடைப்பதால் வருவது. சில பிள்ளைகள் கண்டுகொள்வதில்லை, சில பிள்ளைகள் துப்பிவிடும். துப்பினால், பீய்ச்சியதும் பாத்திர ஓரத்தில் சிறு குமிழி வரும்வரை சூடாக்கி, கொதிக்க விடாமல் இறக்கி, உடனே ஆற வைத்து உறைய வையுங்கள். கப்பை வெறுக்கிறது என்று நினைத்த பிள்ளை அந்த வாடையைத்தான் வெறுத்திருக்கலாம்.

6 ஏப்ரல் 2024

நேற்று எழுதிய 4 மணி நேரம் 25 டிகிரிக்கு மேல் போகாத அறைக்கு. நம் ஊரில் மதியம் 33 ஆகிறது. காற்றாடி ஓடினால் அறை குளிர்ந்துவிட்டது என்று கணக்கு வைக்காதீர்கள். சமைக்கும் இடத்தில் வைத்திருந்தால் ஒரு மணி நேரத்திலேயே ஐஸ்பெட்டிக்குள் தள்ளிவிடுங்கள்.

14 ஏப்ரல் 2024

அனைவருக்கும் புத்தாண்டு வாழ்த்து. பாயசம் பிள்ளைக்குக் கொடுக்கவில்லை, அதற்காக ஒரு சிறு போர் நடந்தது.

இழையை நகைச்சுவைக்குத் திருப்பிய கிள்ளான் அண்ணனுக்கு: ஆமாம், நாங்கள் இருப்பது சுங்கை சிப்புட். மலாய் மொழியில் நத்தை ஆறு. நத்தை ஊரில் சிப்பி கப்பில் குடிக்காமல் வேறு எதில் குடிப்பது என்று கேட்டிருந்தீர்கள். மூத்தவன் இதை முதலாம் ஆண்டு வகுப்பில் போய்ச் சொல்லிவிட்டு வந்திருக்கிறான். இப்போது தங்கையின் பெயர் நத்தைக்குட்டி.

பால்மரத்து ஊரில் சிலிகானா என்றும் கேட்டிருந்தீர்கள். பிள்ளை வாயில் வைக்கும் ரப்பர் முலைக்கு நியூயார்க்கில் 1845லேயே காப்புரிமை வாங்கியாகிவிட்டது. நம் பக்கத்து ஊர் கோலகங்சாரில் முதல் ரப்பர் கன்றுகளை நட்டது 1877இல்தான், ஒன்பது கன்றுகள். அதில் ஒரு மரம் இன்னும் நிற்கிறது. எங்கள் ஆட்கள் நான்கு தலைமுறையாகச் சீவிய பால் எத்தனை பிள்ளைகளின் வாயில் போயிருக்கும் என்று நினைத்தால் வேடிக்கையாக இருக்கிறது. அதில் எங்கள் பிள்ளைகள் எத்தனை பேர் என்று நினைத்தால் அவ்வளவு வேடிக்கையாக இல்லை.

24 ஏப்ரல் 2024

உட்கார்ந்து படியுங்கள். 2 ஏப்ரல் குறிப்பு முழுப் பொய். என் பொய் அன்று, ஆனாலும் பொய்.

இன்று ஆலையில் மின்சாரம் போய்விட்டது. இரண்டு மணிக்கே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மோட்டாரை வாசலில் நிறுத்திவிட்டுப் பின்பக்கமாக வந்தேன். அத்தை திண்ணையில் காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறார். மடியில் சின்னவள், தலை நிமிர்ந்து முழங்கையில் சாய்ந்திருக்கிறது. பக்கத்தில் என் 45 வெள்ளிக் கப், மூடி கழற்றி. அத்தை கையில் சங்கு. கப்பிலிருந்து சங்கில் ஊற்றுகிறார், சங்கின் மூக்கைக் கீழுதட்டில் வைக்கிறார், பிள்ளை நாக்கை நீட்டி நீட்டிக் குடிக்கிறது. ஒரு சொட்டு சிந்தவில்லை. என்னைப் பார்த்ததும் அத்தை சங்கை முந்தானைக்குள் மறைத்தார். பிள்ளை முந்தானையைப் பிடித்து இழுத்தது.

எத்தனை நாளாக என்று கேட்டேன். "பாட்டிலைத் துப்பிய நாள் முதல்" என்றார். ஆக, பிப்ரவரியிலிருந்து. நான் "அத்தை எப்படியோ சமாளிக்கிறார்" என்று முதல் குறிப்பில் எழுதினேன் அல்லவா? அந்த "எப்படியோ"வைப் பற்றி ஒரு கேள்வி கேட்டிருந்தால் 45 வெள்ளி மிச்சம். கப்பில் குடித்தாள் என்று ஏன் சொன்னீர்கள் என்றேன். "கப்பில் இருந்ததைத்தானே குடித்தாள்?" என்றார். இதற்கு நான் என்ன சொல்வது?

கோபம் வந்தது உண்மை. அது தணிந்தபின் பேசிக்கொண்டிருந்தோம். அந்த வெள்ளிச் சங்கு அவருடைய பாட்டி நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கியபோது மடியில் முடிந்துகொண்டு வந்ததாம். அத்தை தோட்டத்தில் ரப்பர் மரம் சீவியவர். விடியுமுன் பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்பு) போக வேண்டும், கைப்பிள்ளையைத் தோட்டத்துப் பிள்ளைக் காப்பகமான ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டு. சீவி முடித்து, மரத்தில் கட்டிய மங்கில் (கிண்ணம்) ரப்பர்ப் பால் நிறையும் இடைவெளியில் ஓடிவந்து பிள்ளைக்குப் பால் கொடுத்துவிட்டுத் திரும்ப ஓட வேண்டும், பால் எடுக்க. அந்த இடைவெளி தப்பினால்? ஆயா சங்கில் எதையாவது புகட்டுவார். கஞ்சித் தண்ணீர், பல நாள் டின் பால். என் கணவர் அப்படி வளர்ந்தவர்தான்.

டின் பால் என்றால் இனிப்புக் கெட்டிப்பால். அதைக் கைப்பிள்ளைக்குக் கொடுக்கக் கூடாது என்று சிசிலி வில்லியம்ஸ் என்ற பெண் மருத்துவர் 1939லேயே சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் "பாலும் கொலையும்" என்று தலைப்பிட்டுப் பேசியிருக்கிறார். அந்தப் பேச்சு கொட்டகை வரை வந்து சேரவில்லை. ஆயாவைக் குறை சொல்லவில்லை, முப்பது பிள்ளைகளை ஒருத்தி பார்த்தார். நான் அத்தையிடம் சொன்னது இதுதான்: சங்கில் குற்றம் இல்லை, அன்று சங்குக்குள் இருந்ததில்தான் குற்றம். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இப்போது சங்குக்குள் இருப்பது உன் பால்தானே, பிறகென்ன?" என்றார்.

24 ஏப்ரல் 2024, இரவு

என் பேச்சைக் கேட்டு அந்தக் கப் வாங்கிய ஐந்து பேரும் மன்னிக்கவும். ரசீது இருந்தால் முயன்று பாருங்கள்.

27 ஏப்ரல் 2024

சங்கா, இந்தக் காலத்திலா, மூச்சுக்குழாயில் போய்விடும் என்று ஒருவர் கடுமையாக எழுதியிருக்கிறார். அவர் பயம் வெறும் பயம் இல்லை. பிள்ளையை மல்லாக்கப் படுக்க வைத்து, மூக்கைப் பிடித்து, தொண்டையில் ஊற்றும் பழக்கம் இருந்தது, இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. அது ஆபத்துதான். நான் பார்த்தது அதில்லை. பிள்ளை நிமிர்ந்து இருக்க வேண்டும், மூக்கு கீழுதட்டைத் தொட வேண்டும், பால் உதட்டை நனைத்ததும் நிறுத்த வேண்டும். எடுத்துக்கொள்வது பிள்ளையின் வேலை. விழுங்கியபின் அடுத்தது.

எடை குறைந்து பிறந்து மார்பில் குடிக்க முடியாத பிள்ளைகளுக்குக் கோப்பையிலோ கரண்டியிலோ புகட்டச் சொல்லி 2011இல் உலகச் சுகாதார நிறுவனம் வெளியிட்ட பரிந்துரையில் பாலாடை என்ற நம் சொல்லே இருக்கிறது, "மூக்குள்ள கோப்பை" என்ற விளக்கத்தோடு. சங்கும் அதுவும் ஒரே குடும்பம். இன்னொன்று, சங்கில் மூலை முடுக்கு இல்லை, கொதிநீரில் போட்டு எடுத்தால் முடிந்தது. என் கப்பின் சிலிகான் வட்டத்தை நேற்று நகத்தால் விரித்துப் பார்த்தேன். கீறலுக்குள் கறுப்பாகப் பூஞ்சை. ஐந்து வாரத்தில்.

ஆனால் சங்கே போதும் என்றும் சொல்லமாட்டேன். ஏழு மாதத்துப் பிள்ளை கையில் வாங்கித் தானே குடிக்கப் பார்க்கும், சங்கு இன்னொருவர் கையை நம்பியது. நாங்கள் இப்போது காய்ச்சல் மருந்தோடு வரும் அளவுக் கோப்பையைப் பிடித்திருக்கிறோம். பத்து மில்லி. கொட்டினால் பத்து மில்லிதான் போகும். அவள் விரலுக்கு அளவாக இருக்கிறது.

12 மே 2024

அன்னையர் தினம் என்று பள்ளியில் வரைந்த படத்தை மூத்தவன் கொடுத்தான். படத்தில் எல்லாரும் வாயை மூடியிருக்கிறார்கள். அதனால் இதை எழுதுகிறேன்.

முதல் குறிப்பில் "ஒரு குறையும் இல்லை" என்று எழுதினேன். குறை இருந்தது. மூன்று வயதில் அவனுடைய மேல்வரிசை முன்பற்கள் நான்கும் பழுப்பாகி உதிர ஆரம்பித்தன. கீழ்ப்பற்கள் நன்றாக இருந்தன. குடிக்கும்போது நாக்கு கீழ்ப்பற்களை மூடிக்கொள்ளும், மேல்பற்கள்தான் ஊறும் என்று பல் மருத்துவர் விளக்கினார். தூங்கும்போது கையில் கொடுப்பீர்களா என்று கேட்டார். கொடுத்தேன். சிந்தாது அல்லவா, மெத்தை நனையாது. முதலில் பால், பிறகு இனிப்பு சேர்த்த சத்துமாவுப் பானம். இரவில் எச்சில் ஊறுவது குறைவு, இனிப்பு பல்லிலேயே தங்கிவிடும். இரண்டு பற்களைப் பிடுங்கினார்கள். இப்போது புதுப்பல் முளைத்துவிட்டது, ஆனாலும் கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும் பழக்கம் போகவில்லை.

இதை ஏன் முதலில் எழுதவில்லை? வெட்கம்தான்.

கப்பில் பகலில் தண்ணீர், வேண்டுமானால் தாய்ப்பால். ஒரு வயதுக்குள் பழச்சாறே வேண்டாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2017இல் சொல்லிவிட்டது, புட்டியில் அடைத்ததோ வீட்டில் பிழிந்ததோ. கப்போடு படுக்கைக்குப் போகக் கூடாது. கப்பை வாயில் வைத்தபடி ஓடவும் கூடாது. 1991 முதல் 2010 வரை அமெரிக்காவில் மூன்று வயதுக்குட்பட்ட 45,000 பிள்ளைகளுக்கு மேல் பாட்டில், சூப்பி, சிப்பி கப் ஆகியவற்றால் காயம்பட்டு அவசரப் பிரிவுக்கு வந்ததாக ஒரு மதிப்பீடு. பெரும்பாலும் வாயில் வைத்துக்கொண்டு நடந்து விழுந்ததுதான்.

21 ஜூன் 2024

நேற்று ஒன்பது மாதத் தடுப்பூசி. கிளினிக்கில் கூட்டம், புழுக்கம். கணவர் வெளியில் போய்க் குளிர்ந்த பார்லித் தண்ணீர் பையில் கட்டி வாங்கி வந்தார், பிளாஸ்டிக் பை, கழுத்தில் சணல்போல் நூல், ஒரு உறிஞ்சுகுழல். சின்னவள் எட்டிக் குழலைக் கவ்விக்கொண்டாள். இழுத்தாள். வந்துவிட்டது! அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மலாய்ப் பாட்டி கை தட்டினார். மிஸ்ஸி (தாதி) எட்டிப் பார்த்து, "இனிப்பு இல்லாமல் கொடுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போனார். பிடுங்கிவிட்டோம், அழுகை, அதன்பின் ஊசி, இன்னும் அழுகை.

பிளாஸ்டிக் பை பிள்ளைக்கு ஆகாது, அதை நான் சொல்லத் தேவையில்லை. வரும் வழியில் 12 வெள்ளிக்குக் குழல் வைத்த சிறு கப் வாங்கினோம். உறிஞ்சத் தெரியாத பிள்ளைக்குப் பழக்கும் வழி: குழலைத் தண்ணீரில் விட்டு மேல்முனையை விரலால் அடைத்து எடுங்கள், தண்ணீர் உள்ளேயே நிற்கும். கீழ்முனையைப் பிள்ளையின் உதட்டில் வைத்து விரலைத் தளர்த்தினால் ஒரு சொட்டு இறங்கும். நான்கைந்து முறை செய்தால், சொட்டு வரத் தாமதிக்கும்போது பிள்ளையே இழுக்கும். குழலைக் கழுவ மெல்லிய தூரிகை வாங்க மறக்காதீர்கள், இல்லாவிட்டால் சிலிகான் வட்டத்தின் கதைதான்.

23 ஜூன் 2024

பீடோர் சகோதரி எழுதியிருக்கிறார். அவர் மகள் சிப்பி கப், குழல் இரண்டையும் தொடவில்லையாம். தாத்தாவின் சுடுநீர்க்குடுவை மூடியில் குடிக்கிறாளாம், அதுவும் தாத்தா குடித்தபின் மட்டும். மூன்று மாதம் நான் எழுதியதில் ஒரு வரிகூட அவருக்குப் பயன்படவில்லை. சிரித்துக்கொண்டேதான் எழுதியிருக்கிறார்.

2 ஜூலை 2024

45 வெள்ளிக் கப் எங்கே என்று கேட்டவருக்கு: மூடியைக் காணோம். அடிப்பாகத்தால் மூத்தவன் மிளகாய்ச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறான்.

நாத்தனாருக்கு அக்டோபரில் பிரசவம், ஈப்போவில். அத்தை இப்போதே திண்ணையில் உட்கார்ந்து திருநீறு போட்டுச் சங்கைத் துலக்கிக்கொண்டிருக்கிறார். நாத்தனார் நேற்று என்னை அழைத்து மெதுவாகக் கேட்டார், நல்ல சிப்பி கப் எது அண்ணி என்று.